பாஸிம் பேஸ்மென்ட்ல எல்லிஸ் பால் கச்சேரி: போறவங்களுக்குக் கொஞ்சம் அனுபவம்

எல்லிஸ் பால்னு ஒரு பாட்டுக்காரர், நம்மள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா பாஸ்டன் சுத்துவட்டாரத்துல ஃபோக் பாட்டு கேக்கறவங்க யாரை வேணா கேளுங்க, தெரியும்பாங்க. தானே எழுதி தானே மெட்டு போட்டு ஒரு கிட்டாரை மாட்டிகிட்டு தனியா நின்னு பாடறவர். மெய்ன் மாநிலத்தோட வடக்குக் கோடியில, கனடா பார்டரை ஒட்டின ஃபோர்ட் கென்ட்ல 1965ல பொறந்தவர், அந்தப் பக்கம் பூரா உருளைக்கிழங்கு வெள்ளாமைதான். ஓட்டப்பந்தயத்துக்குக் கிடைச்ச ஸ்காலர்ஷிப்ல பாஸ்டன் காலேஜுக்கு படிக்க வந்தவர், காயம் பட்டு ஓட முடியாமப் போன சமயத்துல கிட்டாரைக் கையில எடுத்து, அப்புறம் கீழ வைக்கவே இல்ல. 2000ல ஜிம் கேரி நடிச்சு வந்த மீ, மைசெல்ஃப் அண்ட் ஐரீன் படத்துல இவர் பாட்டு ஒண்ணு வரும், படம் பாத்தவங்க யார் பாடினதுன்னே தெரியாம அதை முணுமுணுத்திருப்பாங்க.

எனக்கு இவர் அறிமுகமானது ரேடியோ வழியா. நாங்க இருக்கற பாஸ்டன் பக்கம், மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டியோட பாஸ்டன் வளாகத்துலேருந்து டபிள்யூ.யூ.எம்.பி-ன்னு ஒரு எஃப்.எம் ஸ்டேஷன் வருது, 91.9, பெரும்பாலும் ஃபோக் பாட்டுதான் போடுவாங்க, காலையில ரூட் 2 டிராஃபிக்ல நகராம நிக்கும்போது அதுதான் எனக்குத் துணை. அதுல இவர் குரல் வந்தா சத்தம் கூட்டி வைப்பேன். அப்புறம் ஆல்பமா தேடித் தேடி கேக்க ஆரம்பிச்சு, அது வருஷக்கணக்கா ஓடிருச்சு. நேர்ல கேக்கணும்னு மட்டும் மனசுல இருந்துகிட்டே இருந்தது.

இவர் ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும், நியூ இயரை ஒட்டி, பாஸ்டனை ஒட்டின கேம்பிரிட்ஜ்ல இருக்கற கிளப் பாஸிம்ல பாடறதை பல வருஷமா வழக்கமா வச்சிருக்கார். ஹார்வர்ட் ஸ்கொயர்ல, கூப் புக் ஸ்டோர் பக்கவாட்டுல ஓடற பாமர் ஸ்ட்ரீட்ல, படி இறங்கிப் போற ஒரு பேஸ்மென்ட். உள்ள நூறு பேர் சொச்சம் உக்காரலாம், அவ்வளவுதான் இடம். அதனால முதல் விஷயம் டிக்கெட். வருஷக் கடைசி கச்சேரிக்கெல்லாம் டிசம்பர்ல போய் தேடினா கிடைக்காது, இலையுதிர் காலத்துலயே கண்ணு வைக்கணும். பாஸிம் லாப நோக்கமில்லாத அமைப்பு, மெம்பரா சேர்ந்தவங்களுக்கு முன்னாடியே டிக்கெட் எடுக்க வழி குடுப்பாங்க. நான் மெம்பரா சேர்ந்துதான் எடுத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை போறதா இருந்தாலும் சேரலாம்னுதான் சொல்வேன், அந்தப் பணம் எங்க போகுதுன்னு உள்ள போய் ஒரு நாள் உக்காந்தாலே தெரிஞ்சிடும்.

என் வீட்டுக்காரருக்கு இந்தப் பாட்டெல்லாம் அவ்வளவா பழக்கம் இல்ல. "ஏங்க, ஒரே ஒரு தடவை வாங்க, பிடிக்கலன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டேன்"னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். ஆனா சும்மா கூட்டிட்டுப் போகல. வார்த்தையை நம்பி நிக்கற பாட்டு இது, டிரம்ஸ் கிடையாது பேஸ் கிட்டார் கிடையாது, வரி புரியலன்னா பாதி கச்சேரி போச்சு. நமக்கு ஆஃபீஸ் இங்கிலீஷ் நல்லா வரும், ஆனா பாட்டு இங்கிலீஷ் வேற, அதுல வர்ற ஊர் பேரு, ஆளு பேரு, இந்த ஊர் சரித்திரம் இதெல்லாம் முன்னாடியே கொஞ்சம் தெரிஞ்சிருந்தாதான் ஒட்டும். அதனால ஒரு மாசம் முன்னாடியிலேருந்தே கார்ல இவர் பாட்டுதான். அதுலயும் 2012ல குழந்தைகளுக்காக தி ஹீரோ இன் யூ-ன்னு ஒரு ஆல்பம் பண்ணியிருக்கார், கறுப்பின மக்களோட உரிமைக்காக நின்ன ரோஸா பார்க்ஸ், பூச்சிமருந்தோட ஆபத்தைப் பத்தி எழுதின ரேச்சல் கார்ஸன் மாதிரி ஆளுங்களைப் பத்தி ஆளுக்கு ஒரு பாட்டு. பொண்ணுக்காகத்தான் அதைப் போட்டேன். அவ ரெண்டே நாள்ல மனப்பாடம் பண்ணிட்டா, பஸ்ல சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு சொன்ன ரோஸா பார்க்ஸ் கதையை அவ அப்பாவுக்கே சொல்லிக் குடுத்தா. இந்தப் பாட்டுங்களுக்குப் புதுசா வர்ற பெரியவங்களுக்கும் அந்த ஆல்பம்தான் நல்ல வாசல்னு எனக்குத் தோணுது, வரி தெளிவா இருக்கும், கதை நேரா இருக்கும்.

இன்னொரு ஆளையும் தெரிஞ்சுக்கணும், வுடி குத்ரி. 1912ல ஓக்லஹோமாவுல ஒகீமான்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவர், பஞ்சம் பொழைக்கப் போனவங்க கூடவே அலைஞ்சு அவங்களைப் பத்தியே பாடினவர், கிட்டார் மேல இந்த மெஷின் ஃபாசிஸ்ட்டுகளைக் கொல்லும்னு எழுதி வச்சிருந்தவர். அமெரிக்க ஃபோக் பாட்டுக்காரங்க பல பேருக்கு அவர்தான் மூத்தவர். 1967ல அவர் இறந்தப்போ மெட்டு போடாத வரிங்க கட்டுக்கட்டா இருந்தது, அவர் பொண்ணு நோரா அதையெல்லாம் பத்திரப்படுத்தி பின்னால வந்த பாட்டுக்காரங்களுக்குக் குடுத்து மெட்டு போடச் சொன்னாங்க. அப்படி ஒரு பாட்டுக்கு மெட்டு போட்டவங்கள்ல எல்லிஸ் பாலும் ஒருத்தர். கையில வுடி படத்தையே பச்சை குத்தியிருக்கார். மேடையில அந்தப் பேரைச் சொல்லும்போது ரூம்ல ஒரு சின்ன சலசலப்பு வரும் பாருங்க, அது ஏன்னு தெரிஞ்சு உக்காந்திருக்கறது தனி சந்தோஷம்.

போற வழி. ஹார்வர்ட் ஸ்கொயர்ல பார்க்கிங் தேடறது வீண் வேலை, அதுவும் பனிக்காலத்துல ரோட்டோரம் பனியைத் தள்ளி வச்சிருந்தா இருக்கற இடமும் போயிரும். நாங்க ஏல்வைஃப் ஸ்டேஷன் கராஜ்ல காரை விட்டுட்டு ரெட் லைன் ட்ரெயின் எடுத்தோம், டேவிஸ், போர்ட்டர், ஹார்வர்ட், மூணாவது ஸ்டாப். திரும்பற நேரத்துக்கு ட்ரெயின் இருக்கான்னு மட்டும் முன்னாடியே பாத்துக்குங்க, லைன்ல வேலை நடக்கற நாள்ல பஸ் விடுவாங்க, நேரம் இழுத்துரும்.

உள்ள போனதும் வீட்டுக்காரர் முதல்ல கேட்டது "இவ்வளவுதானா?" அவ்வளவுதான். தாழ்ந்த கூரை, நெருக்கிப் போட்ட டேபிள், ஒரு ஓரத்துல சின்னதா ஒரு மேடை, மேடைன்னா நம்ம வீட்டு வாசப்படி உயரம் இருக்கும். ஆனா இந்த இடத்தோட கதையைக் கேட்டா தலை சுத்தும். 1958ல மவுன்ட் ஆபர்ன் ஸ்ட்ரீட்ல 47ஆம் நம்பர்ல கிளப் 47-ன்னு ஆரம்பிச்சது, முதல்ல ஜாஸ் வாசிக்கற இடமாத்தான் இருந்தது. அங்கதான் பின்னால பெரிய ஃபோக் பாடகியான ஜோன் பயஸ் பதினேழு பதினெட்டு வயசுப் பொண்ணா வந்து வெறுங்கால்ல நின்னு பாட ஆரம்பிச்சாங்க. 1963ல இப்ப இருக்கற பாமர் ஸ்ட்ரீட்டுக்கு மாறினாங்க, மட்டி வாட்டர்ஸ், மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் மாதிரி ப்ளூஸ் பாடறவங்க எல்லாம் பாடியிருக்காங்க. 1968ல மூடிட்டாங்க. அடுத்த வருஷம் பாப் டான்லின், ரே ஆன் டான்லின்னு ஒரு தம்பதி அந்த இடத்துல பாஸிம்ங்கற பேர்ல ஒரு கடையை எடுத்து நடத்தி, புக்கு, காஃபின்னு ஓட்டி, திரும்பவும் பாட்டைக் கொண்டு வந்தாங்க. சுஸான் வேகா, ஷான் கால்வின்னு அடுத்த தலைமுறை அங்க வளந்தது. 90கள்லதான் லாப நோக்கமில்லாத அமைப்பா மாறுச்சு, இன்னிக்கு பாட்டு சொல்லிக் குடுக்கற ஸ்கூலும் சேத்து நடத்தறாங்க. ஒரு பேஸ்மென்ட் அறுபது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்குன்னா அது தானா இருக்கல, ஒவ்வொரு தலைமுறையிலயும் யாரோ நாலு பேர் தோள் குடுத்திருக்காங்க.

டேபிள் தெரியாதவங்களோட பகிர்ந்துதான் உக்காரணும். எங்க டேபிள்ல எழுபது வயசைத் தாண்டின ஒரு அம்மா, தனியா வந்திருந்தாங்க. டான்லின் தம்பதி காலத்துலேருந்தே வர்றாங்களாம். அவங்க சொன்ன ரெண்டு விஷயம் உண்மையிலேயே உதவுச்சு. ஒண்ணு, சாப்பாடு ஆர்டர் பண்றதா இருந்தா கதவு திறந்த உடனே பண்ணி, பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சிருங்க, ஏன்னா இந்த ரூம்ல ஃபோர்க் தட்டுல படற சத்தம்கூட மேடைக்குக் கேக்கும். ரெண்டாவது, முதல்ல பாட வர்றவரை விட்டுட்டு லேட்டா வராதீங்க. இந்த மாதிரி கச்சேரியில பெரியவர் பாடறதுக்கு முன்னாடி அதிகம் பேர் தெரியாத ஒருத்தர் அரை மணி நேரம் பாடுவாங்க, பத்து வருஷம் கழிச்சு நீங்க டிக்கெட்டுக்கு அலையப் போறது அவங்களுக்காகத்தான்னு அந்த அம்மா சொன்னாங்க. அன்னிக்குப் பாடினது ஒரு சின்னப் பொண்ணு, முதல் பாட்டுல கை லேசா நடுங்குச்சு, ரூம் அசையாம கேட்டுச்சு, மூணாவது பாட்டுல குரல் நிமிந்துருச்சு. அந்த நிமிர்வு அந்தப் பொண்ணுக்கு ரூம் குடுத்ததுன்னு நான் முழுசா நம்பறேன்.

இப்படி இடத்துக்கு இங்க லிஸனிங் ரூம்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல கோயில் கச்சேரியில பின்னாடி பேச்சு ஓடும், குழந்தைங்க ஓடும், அது ஒரு அழகு, அந்தப் பாட்டு அதைத் தாங்கும். இங்க அப்படி இல்ல. ஃபோனை சைலன்ட்ல போட்டாப் பத்தாது, பையில வச்சிரணும், இருட்டுல ஒரு ஸ்கிரீன் வெளிச்சம் பத்து பேர் கண்ணுல அடிக்கும், பாடறவர் கண்ணுலயும்தான், ஏன்னா அவர் ஆறடி தூரத்துல நிக்கறார். வீடியோ எடுக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்தது, எடுக்கல. கையில ஃபோன் இருந்தா காது பாதிதான் வேலை செய்யும்.

எல்லிஸ் பால் மேடை ஏறினதும் முதல் வேலையா சுருதி சேத்தார். முதல் தடவை போறவங்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும், பாட்டுக்குப் பாட்டு ஏன் திருகிகிட்டே இருக்காங்கன்னு. காரணம் இருக்கு. வெளிய மைனஸ்ல குளிர், உள்ள நூறு பேரோட மூச்சும் ஹீட்டரும். ஸ்டீல் கம்பி சூடு ஏறினா தளரும், சுருதி இறங்கும், இன்னொரு பக்கம் காத்துல ஈரம் மாற மாற கிட்டார் மரமும் அசைஞ்சு குடுக்கும். அதோட இந்த ஆளுங்க எல்லாப் பாட்டையும் ஒரே டியூனிங்ல வாசிக்க மாட்டாங்க, ஒரு கம்பியை இறக்கி, இன்னொண்ணை ஏத்தி, கேப்போன்னு கம்பிங்களை அழுத்திப் பிடிக்கற கிளிப்பை வேற இடத்துல மாட்டி, ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டாரையே வேற ஆளாக்குவாங்க. அந்த இடைவெளியிலதான் கதை வரும். எந்த ரோட்டுல எந்த மோட்டல்ல அந்தப் பாட்டு பொறந்தது, யாரைப் பத்தினது, இதெல்லாம் ரெக்கார்டுல கிடைக்கவே கிடைக்காது. என்னைக் கேட்டா பாதி கச்சேரி அந்தக் கதைங்கதான், விரல் பாட்டுக்குக் கம்பியைத் திருகும், வாய் பாட்டுக்குக் கதை சொல்லும், ரெண்டும் ஒரே நேரத்துல முடியும், முடிஞ்ச செகண்ட் பாட்டு ஆரம்பிக்கும், அந்தக் கணக்கு பல்லாயிரம் மைல் ரோட்டுல ஓடி ஓடி வந்தது.

அலாஸ்காவுல ஒரு பழைய பஸ்ஸுக்குள்ள 1992ல பட்டினியில செத்துப்போன கிறிஸ் மெக்கேண்ட்லஸ்னு ஒரு பையன், அவனைப் பத்தி இவர் ஒரு பாட்டு எழுதியிருக்கார். நான் கார்ல எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அன்னிக்கு அந்த ரூம்ல கேக்கும்போது, ஒரு வரியை முடிச்சிட்டு அடுத்த வரி எடுக்கறதுக்கு முன்னாடி அவர் மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. மைக் வழியா இல்ல, நேரா. ரெக்கார்டுல அந்த மூச்சை வெட்டி எறிஞ்சிருப்பாங்க. எனக்கு என்னன்னு சொல்லத் தெரியல, தொண்டை அடைச்சுகிச்சு, பக்கத்துல வீட்டுக்காரர் கையைக் கட்டிகிட்டு உக்காந்திருந்தவர் கையை எடுத்து டேபிள் மேல வச்சு முன்னாடி சாஞ்சு கேட்டுகிட்டிருந்தார். ஊர்ல பையனை தூர தேசத்துக்கு அனுப்பி வச்ச அப்பா அம்மா எல்லாருக்குமே அந்தக் கதை எங்கயோ தைக்கும்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி கிட்டார் ஒயரைக் கழட்டிட்டு மேடையிலேருந்து இறங்கி டேபிளுங்களுக்கு நடுவுல வந்து நின்னு மைக்கே இல்லாம ஒரு பாட்டு பாடினார். கோரஸ் எல்லாரும் பாடணும். இதுக்கு ஒரு யோசனை, அவரோட பிரபலமான நாலஞ்சு பாட்டோட கோரஸையாவது தெரிஞ்சு வச்சுகிட்டுப் போங்க. நம்ம ஆளுங்க கூச்சத்துல வாயே திறக்க மாட்டோம், நம்ம உச்சரிப்பு வேறயா இருக்குமேன்னு. யாரும் கவனிக்க மாட்டாங்க. அந்த அம்மா கட்டைக் குரல்ல ரெண்டாவது ஸ்வரம் பிடிச்சுப் பாடினாங்க, நான் மேல பாடினேன், வீட்டுக்காரர் தாளம் மட்டும் போட்டார். பிடிச்ச பாட்டு கேக்கணும்னா நடுவுல கத்தாதீங்க, கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னாடி அவரோட இணையப் பக்கத்துல மெசேஜா போட்டு வைங்க, இல்லன்னா அவரே என்ன வேணும்னு கேக்கற நேரத்துல சொல்லுங்க. பாட்டு வரிசையை ரூம் போற போக்கைப் பாத்து மாத்திகிட்டே போறவங்க இவங்க, குறுக்க ஒரு சத்தம் விழுந்தா கட்டி வச்சது கலைஞ்சிரும்.

முடிஞ்சதும் ஓடிராதீங்க. கதவு பக்கத்துல ஒரு டேபிள் போட்டு சிடி, டி-ஷர்ட் எல்லாம் வச்சிருப்பாங்க, பாடினவரே வந்து நிப்பார். வீட்ல சிடி பிளேயரே இல்லையேன்னு நினைக்கலாம், வாங்குங்க. கணக்கு சொல்றேன். ஸ்ட்ரீமிங்ல ஒரு தடவை பாட்டு ஓடினா மொத்தமா வர்றது அரை சென்ட்டுக்கும் கம்மி, அதுலயும் பங்கு போகும். 15 டாலருக்கு நீங்க ஒரு சிடி வாங்கறதுக்கு ஈடா வரணும்னா அந்தப் பாட்டை மூவாயிரம் தடவைக்கு மேல ஓட விடணும். இவங்களுக்கு பின்னாடி பெரிய கம்பெனி கிடையாது, பெட்ரோல், மோட்டல், கம்பி மாத்தறது எல்லாமே இந்த நூறு பேர் ரூம்லேருந்துதான் வரணும். இவர் 2010ல ஒரு ஆல்பம் போட்டப்போ அதுக்கான செலவை ரசிகர்கள்கிட்டயே கேட்டார், ஒரு லட்சம் டாலருக்கு மேல குடுத்தாங்க. கூட்டத்துகிட்ட பணம் திரட்டி ஆல்பம் போடறது இன்னிக்கு மாதிரி சகஜமா இல்லாத நேரம் அது. அந்த லட்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு அந்த டேபிள் முன்னாடி நிக்கும்போது எனக்குப் புரிஞ்சுது, இருபது வருஷம் ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுப் பேசின ஆளுக்குத்தான் அப்படி வரும். முதல்ல பாடின பொண்ணோட சிடியையும் வாங்கிகிட்டோம், அது இன்னும் முக்கியம்.

பேசும்போது என்ன சொல்றதுன்னு தெரியலையேன்னு நிறைய பேர் கடைசி நிமிஷத்துல நழுவிருவாங்க. யூ ஆர் க்ரேட்டுன்னு பொதுவா சொல்றதை விட ஒரே ஒரு பாட்டைப் பத்தி, அது உங்களுக்கு எங்க ஒட்டுச்சுன்னு ரெண்டு வரி சொன்னாப் போதும், பின்னாடி லைன் நிக்குது. நான் பொண்ணு ரோஸா பார்க்ஸ் பாட்டைப் படிச்ச விஷயத்தைச் சொன்னேன். பேனாவை எடுத்து அவ பேரை எப்படி எழுதணும்னு எழுத்து எழுத்தா கேட்டு எழுதிக் குடுத்தார்.

ட்ரெயின்ல வரும்போது வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசல, போர்ட்டர் தாண்டினதும் "அடுத்து எப்ப?"ன்னு கேட்டார். அதுலேருந்து நாங்க ரெண்டு பேரும் வேற வேற இடமா போயிட்டிருக்கோம். மார்பிள்ஹெட்ல ஒரு சர்ச்சுல மீ அண்ட் தீ-ன்னு பாட்டுக் கச்சேரி நடக்கற ஒரு காஃபிஹவுஸ், 1970லேருந்து நடக்குது, நடத்தறவங்க பூரா வாலன்டியர்ஸ். நார்த்தாம்ப்டன்ல அயர்ன் ஹார்ஸ்னு ஒரு கிளப், மூடிக் கெடந்ததை 2024ல திரும்பத் திறந்திருக்காங்க. நியூயார்க் மாநிலத்துல சாரடோகா ஸ்பிரிங்ஸ்ல கஃபே லீனா, 1960ல லீனா ஸ்பென்சர்ங்கற அம்மா ஆரம்பிச்சது, பாப் டிலன் பேர் வாங்கறதுக்கு முன்னாடி அங்க பாடியிருக்கார். எல்லாமே கார்ல போய் வர்ற தூரம்தான். சர்ச் காஃபிஹவுஸ்னா டிக்கெட்டும் கம்மி, பார்க்கிங்கும் இருக்கும், குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறதும் சுலபம், முதல் தடவை போறவங்க அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்ப ஹவுஸ் கன்சர்ட் ஒண்ணு நடத்தலாமான்னு பேசிகிட்டிருக்கோம். இந்த மாதிரி பாட்டுக்காரங்க பெரிய ஊர் கச்சேரிங்களுக்கு நடுவுல வர்ற வார நாள்ல வீடுங்கள்ல பாடறது இங்க சகஜம், வர்றவங்க ஆளுக்கு இருபது முப்பது டாலர் போடுவாங்க, அது அப்படியே பாடறவருக்கு, வீட்டுக்காரங்க ராத்திரி தங்க ஒரு ரூமும் சாப்பாடும் குடுப்பாங்க. எங்க லிவிங் ரூம்ல சோஃபாவை வெளிய போட்டா முப்பது நாற்காலி போடலாம்னு வீட்டுக்காரர் டேப் வச்சு அளந்து வச்சிருக்கார், அன்னிக்கு முதல்ல பாடின பொண்ணுக்குத்தான் முதல்ல எழுதியிருக்கோம், ஏப்ரல்ல இந்தப் பக்கம் வர்றாங்களாம்.